மகுடேஸ்வரனின் ராசியான கை

அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனின் வலது கையைச் சொந்தக்காரர்கள் ராசியான கை என்பார்கள். கம்பெனியில் அதற்கு வேறு பெயர், அச்சில் வராது. வெள்ளை பனியனில் ஒரு விரல் அழுக்குத் தெரிந்தால், தைத்தவன் கன்னத்தில் ஐந்து விரலும் தெரியும். சுத்தத்தில் அவ்வளவு கண்டிப்பு.

மகள் தேஜஸ்ரீக்குப் பெண் குழந்தை பிறந்த அன்றும் ஒருவனுடைய உதட்டைக் கிழித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது குடும்ப நம்பிக்கை.

"உங்க ராசி வரட்டுமுங்க" என்றார்கள். விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் முக்கிக் குழந்தையின் நாக்கில் வைத்தார்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. பாதம் சில்லிட்டிருந்தது. மருமகன் இளங்குமரன் காரை எடுக்கப் போனான். மகுடேஸ்வரன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"காய்ச்சலே இல்லீங்களே மாப்பிள்ளை. அழுகாம சமத்தாத் தூங்குது. அதையும் எழுப்போணுமாக்கும்?"

மறுநாள் குழந்தை நீலம் பாய்ந்து கிடந்தது. பிறந்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நம்ம உடம்பு கிருமியோட சண்டை போடும், காய்ச்சல் வரும்" என்றார் டாக்டர் சித்ரகலா. "இதுக்கு இன்னும் சண்டை போடவே சரியாத் தெரியாதுங்க. காய்ச்சலுக்குப் பதிலா சில்லுன்னு போயிரும். கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. நேத்தே வந்திருக்கோணும்."

சண்டை நன்றாகத் தெரிந்த மகுடேஸ்வரன் வரவேற்பறைக் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். வார்டு ஊழியர் நல்லானின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"உங்க ஆஸ்பத்திரியிலதான்டா தொத்துச்சு."

"இருக்கலாமுங்க. எதுலன்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "வாயில ஏதாச்சும் வெச்சீங்களா?"

எல்லோரும் ரத்தம் சொட்டும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இளங்குமரன் பாய்ந்து மாமனாரின் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று தரையில் விழுந்தது. கீழே விழுந்தவரை மிதிக்கவும் காலை ஓங்கினான். இழுத்துப் பிடித்தது, கழுத்தில் நகக்கீறலோடு நின்ற நல்லான்தான். மகுடேஸ்வரன் திருப்பி அடிக்கவில்லை.

ஐந்து நாளாகக் குழந்தை அசையாமல் கிடந்தது. ஆறாம் நாள் ஊசி ஏற்றிய நர்சை எட்டி உதைத்து வீறிட்டது.

"கோபம் வருதுங்க, இனிப் பொழைச்சுக்கும்" என்று டாக்டர் சிரித்தார். யார் குணம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குழந்தைகள் வார்டு வாசலில் ஆயா வேலாத்தாள் நின்றிருந்தாள். முன்பு மகுடேஸ்வரனிடம் பனியன் செக்கிங் செய்து, கன்னத்தில் அறை வாங்கி, வேலையை விட்டு வந்தவள். பேத்தியைப் பார்க்க வந்த அவர் கழுவிய கையை டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தாள்.

"நகத்துல அழுக்குங்க. மறுபடியும்."

மூன்று முறை திருப்பி அனுப்பினாள். நான்காம் முறை அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

"இதுல தொட்டுக்கறேன். இது யாரையும் அடிச்சதில்லீங்க."

வேலாத்தாள் மறுபடியும் குழாயைக் காட்டினாள்.

"கிருமிக்கு அதெல்லாந் தெரியாதுங்க சாமி. ரெண்டையும் கழுவுங்க."