அக்காவைப் பற்றி நான்கு வரிகள்

என் அக்காவின் வாயைப் பிடுங்கினாலும் ஒரு வார்த்தை வராது. ஆனால் ஒரு பெரிய கம்பெனிக்கே வாசகம் எழுதியவள் அவள்தான். வடிவமைப்பு, தகவல் தொடர்புப் பிரிவு. பிரிவு என்றதும் ஏதோ பத்துப் பேர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் மாடிக் கோடியில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உள்ளே அவள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். மூன்றில் சத்தம் போடுவது பிரின்டர் மட்டும்தான்.

தலைமுடி கறுப்பாக இருந்தபோது சேர்ந்தவள். ஆண்டறிக்கை, காலண்டர், மாத இதழ், படிக்கட்டில் ஒட்டியிருக்கும் "வழுக்கும், கவனம்" வரைக்கும் எல்லாம் அவள் கைவேலை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "இந்த இதழ் முடியட்டும்" என்பாள். இதழ் முடிந்தால் காலண்டர் வந்து நிற்கும். அம்மா போன பிறகு அதைக் கேட்கவும் ஆளில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்து மானிட்டரைப் பார்த்தபடி சாப்பிடுவாள். ராத்திரி தன் ஒற்றை அறை வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிடுவாள்.

அவள் பேர் வாங்கியது பிரிவு உபசாரப் பேனரில். யாராவது ஓய்வு பெற்றால், மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரில் அவர் படத்துக்குக் கீழே நான்கு வரி எழுதுவாள். அதற்காக மேஜை மேஜையாகப் போய் விசாரிப்பாள். "லிஃப்டில் தனியாக இருந்தால் பாடுவார், கதவு திறந்தால் இருமுவார்" என்று கணக்கரைப் பற்றி எழுதினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இந்த வருஷம் அவள் முறை. போனில் சொன்னாள்:

"பேனரை என்னையே போடச் சொல்லிட்டாங்கடி."

"அடப்பாவிங்களா! உனக்கு நீயேவா?"

"டிசைன்தான் நான். மேட்டர் அவங்க தருவாங்களாம். என்னைப் பத்தி என்ன எழுதுறாங்கன்னு பாக்கணும்."

பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் குரல் அது. பாவம், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தன்னைப் பற்றி, தான் எழுதாத நான்கு வரிகள்.

மேட்டர் வரவில்லை. கேட்டபோதெல்லாம், "இதோ அனுப்பிடறோம்க்கா" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர். வாசகம் வரும்வரை இடத்தை அடைக்க டம்மி வரி போட்டு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கமாம். அக்காவும் அப்படிப் போட்டு, மேனேஜருடைய பார்வைக்கு அனுப்பினாள். "சூப்பர்க்கா! அப்படியே பிரின்ட்டுக்குக் கொடுத்துடுங்க" என்று பதில் வந்தது. கொடுத்துவிட்டாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. குடும்பத்தின் சார்பில் நான் ஒருத்திதான் விழாவுக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனரைப் படித்தேன். அக்காவின் படம். கீழே அழகான எழுத்தில், "இங்கே இவரைப் பற்றி ஒரு வரி வரும்." அதற்குக் கீழேயும் அதே. நான்கு முறை.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. பேனருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "அக்காவைப் பத்தி நான் புதுசா என்ன சொல்றது? பேனர்லயே எல்லாம் இருக்கே!" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அக்கா சிரித்துத் தலையசைத்தாள்.

டாக்ஸியில் ஏறியதும் வெடித்தேன். "அவங்களுக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நீயாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"யாராவது படிப்பாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர் படிச்சாப் போதும்னு."

"நான் படிச்சேன்ல!"

"ஆமா." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சரி, நீ சொல்லு. அங்க என்ன இருந்திருக்கணும்? ஒரு வரி போதும்."

இதென்ன பிரமாதம் என்று வாயைத் திறந்தேன். "நல்லவ" என்று வந்தது. விழுங்கிவிட்டேன், அதை யாரைப் பற்றியும் சொல்லலாம். சிக்னல் பச்சையாகி வண்டி நகர்ந்தது. அக்கா கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நீலக் கலர்னா உசிரு," என்றேன் கடைசியில். "எதை எடுத்தாலும் நீலம்தான்."

அக்கா என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"அது அம்மாவுக்குடி," என்றாள்.