குருவி வந்துவிட்டது

ரைன் நதியோரச் சரிவில், வதனி அக்காவின் திராட்சைத் தோட்டத்தில் நிற்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர், இங்கே ஓர் இத்தாலியத் திராட்சைக் கொடியை நட்டிருக்கிறார். பாசெரினா என்ற வெள்ளைத் திராட்சை. திடீரென்று ஒரு குருவிக் கூட்டம் குலைகள்மேல் இறங்குகிறது. நான் விரட்டப் போகிறேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி. இந்தக் குளிருக்கு இது பழுக்காதெண்டு எல்லாரும் சொன்னவை. போன வருசம் ஒரு குருவியும் கிட்ட வரேல்லை, அவ்வளவு புளி. குருவி விரும்பித் தின்னுற பழமெண்டுதான் இத்தாலியில இதுக்குக் குருவியின்ர பேரை வச்சிருக்கினம்.”

ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுகிறார். எனக்கும் ஒன்று நீட்டுகிறார்.

“இனிக்குது, என்ன?”

“ஆமாம் அக்கா, நல்லா இனிக்குது.”

அதற்குள் அவர் கொடிகளை மூடும் வலையை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்.

“அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ தம்பி. இனிக் குருவியளுக்கு ஒரு பழமும் குடுக்க ஏலாது.”