கீழ்த் தந்தி

"இது என்ன சார், வயலின் பெருத்துப்போன மாதிரி இருக்கு?" கொடைக்கானல் பள்ளியொன்றில் நான் இசை ஆசிரியராக இருந்த எழுபதுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. வியோலா, வியோலா என்று சொல்லிச் சொல்லி எரிச்சல்தான் மிஞ்சியது. அந்த எரிச்சலில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. தனியாக வாசிக்க வாய்த்தால் எதையும் மெல்லிய மேல் தந்திக்கு ஏற்றி வயலினைப் போலக் கூவ வைப்பேன். வியோலாவின் உயிரே தடித்த கீழ்த் தந்திதான். ஆனால் அது சட்டென்று பேசாது. வில்லை மெதுவாக இழுத்துக் காத்திருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் வில்லின் முடி தளர்ந்து இன்னும் மந்தமாகும். எனக்குப் பொறுமை கிடையாது.

என் மாமனார் தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடியவர். அவர் இறந்தபோது மனைவி ஒன்றுதான் கேட்டாள். "அப்பா பாடுற பாட்டைக் கீழ்த் தந்தியில வாசிங்க. மினுக்கு ஒண்ணும் வேண்டாம். அவர் குரலை ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

சரி என்றேன்.

அடக்க ஆராதனையில் கதவு வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் சுரமே கரகரத்தது. யாரோ இருமினார்கள், என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். இரண்டாம் அடியில் மேல் தந்திக்குத் தாவினேன். மினுக்குக்காகத் தந்தியில் விரலை நடுக்கினேன், சுரத்துக்குச் சுரம் வழுக்கினேன். பெண்கள் அழுதார்கள்.

கல்லறையிலிருந்து வீடு திரும்பியதும் வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த என் மனைவியின் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, வயலினே தோத்துச்சு போங்க!"

காபித் தட்டோடு நின்றவள் சொன்னாள்: "ஆமா சித்தப்பா. செத்தது எங்க அப்பா, கச்சேரி இவருக்கு."

"உனக்கு இதைப் பத்தி என்னடி தெரியும்? வாயை மூடிக்கிட்டுச் சோலியப் பாரு!" என்று அத்தனை உறவினர் முன்னால் கத்தினேன். தகப்பனை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்தவளிடம்.

அதன்பின் நான் வியோலாப் பெட்டியைத் திறந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் கேட்டது நடக்காத காரியம் என்று காட்டுவதற்காகவே அந்தப் பாட்டைக் கீழ்த் தந்தியில் வருடக்கணக்காகத் தேய்த்தேன். அழுத்தினால் உறுமியது. அழுத்தாமல் கையின் கனத்தை மட்டும் வில்லில் விட்டு, விரல் நடுக்கத்தையும் நிறுத்தியபோது, எண்பதுகளில் ஒரு மழைப் பகலில், மாமனாரின் குரல் வந்தது. மூச்சு வாங்கும் இடம்கூட அவருடையதே.

அடுப்படிக்கு ஓடினேன். "கேட்டியா?"

அவள் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சு."

"அப்பா மாதிரியே இல்ல?"

"அவரேதான். அன்னைக்குத்தான கேட்டேன் உங்ககிட்ட? இனிமே கதவைச் சாத்திக்கிட்டு வாசிங்க."

சாத்தினேன். வாசித்து முடித்தால் தளர்த்த வேண்டிய வில்லைத் தளர்த்திக்கூட வைக்காமல், அவளுக்குக் கேட்கட்டும் என்றே, பெட்டியை ஓங்கி அடித்து மூடினேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.