ரெட்டியார்சத்திரம் முதல் சத்திரப்பட்டி வரை: பாதியில் நின்ற பழனி நடையும் பாக்கியத்தின் காலும்

இது மூன்று நாள் நடையைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். ஒன்றரை நாளிலேயே முடிந்துபோனது. நடந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் கோயில், குளம், குளிர்ந்த காற்று என்று எழுதும் வேறு பக்கங்களுக்குப் போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். பாக்கியம் அங்கேயே தையல் டீச்சர், ஊர் கன்னிவாடி. முத்துலட்சுமி பள்ளி ஆபீஸில் கிளார்க், சின்னாளபட்டிக்காரி. எல்லோரும் ஓய்வு பெற்றாயிற்று. எனக்கு அறுபத்தாறு, பாக்கியத்துக்கு அறுபத்தேழு, முத்துவுக்கு அறுபத்து மூன்று. வருடம் முழுக்கப் போனில்தான் எங்கள் குடித்தனம். யாருக்கு சுகர் ஏறியது, யார் வீட்டில் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம் பேசுவோம். மாசியில், தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு, பழனிக்கு நடப்போம். செருப்பு இல்லாமல் நடப்பது வேண்டுதல். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

இனி வழி. திண்டுக்கல்லிலிருந்தே நடக்க எங்கள் வயதுக்கு முடியாது. அதிகாலை 4.50 டவுன் பஸ்ஸில் ரெட்டியார்சத்திரம் வரை போனோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5.25க்கு இறங்கி நடக்க ஆரம்பித்தோம். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். எட்டு மணி வரை சுகமான நடை. அதற்குப் பிறகு தார் சுட ஆரம்பிக்கும், மண் ஓரத்தில் இறங்கினால் முள்ளும் பாட்டில் சில்லும். தைப்பூசத்துக்கு நடந்த பக்தகோடிகள் போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாக்கெட்டும் இலைத்தட்டும் ஒரு மாதம் கழித்தும் அப்படியே கிடந்தன. முருகனைக் கும்பிடப் போகிற வழியை இப்படி நாறடிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

முத்து புலம்ப ஆரம்பித்தாள். பாதம் எரிகிறது, செத்த நேரம் உட்காரலாம், இந்த வருடம் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டால் சாமி குத்தமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் விட்டேனா? விளையாட்டு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? பாக்கியத்தைப் பார், உன்னைவிட நாலு வயது மூத்தவள், ஒரு முனகல் உண்டா என்று வழி நெடுக முத்துவைக் குத்திக் காட்டினேன். பாக்கியம் சிரித்துக்கொண்டே முன்னால் போனாள். கொதிக்கிற தாரில் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு ஒட்டன்சத்திரம் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று பேருக்கு ஒரே ரூம், 1,100 ரூபாய். சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும். பாக்கியம் குளித்துவிட்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். மாசி வெக்கையில் எதற்கடி சாக்ஸ் என்றேன். கொசு என்றாள். கொசு காலை மட்டும்தான் கடிக்குமா என்று நானும் முத்துவும் சிரித்தோம். அதோடு விட்டுவிட்டோம்.

மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். விருப்பாட்சி தாண்டி ஒரு தோப்போரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். 9.40க்கு, சத்திரப்பட்டிக்குச் சற்று முன்னால், ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரம்மா கிளாஸை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். புதிதாகப் பூசிய சிமெண்ட் தரையில் வாசலிலிருந்து எங்கள் பெஞ்சு வரை சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஏனுங்க, இந்த அக்கா கால்ல ரத்தம் வருதுங்க," என்றார்.

எங்களோடு சேர்ந்து பாக்கியமும் குனிந்து பார்த்தாள், யாருடைய காலையோ பார்ப்பதுபோல. குதிகாலில் சீமைக்கருவேல முள், கட்டை விரல் நீளம், அடிவரை ஏறியிருந்தது. கடைக்காரம்மா ஊக்கைச் சுட்டு வந்து, நெம்பி, இழுத்தார். அவர் இழுக்கும்போது பாக்கியம் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலைப் பிடித்துத் திருப்பினேன். இரண்டாவது விரலுக்கு அடியில் பஞ்சு அடைத்து வைத்திருந்தாள். பஞ்சை எடுத்தால் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பாகப் புண், நாற்றம். அது முந்தின நாள் வந்த புண் இல்லை. அவளுக்கு வலி தாங்கும் சக்தி ஒன்றும் இல்லை, சுகரில் கால் மரத்தே போயிருந்தது. இந்தக் காலைத்தான் முத்துவுக்கு உதாரணம் காட்டிக்கொண்டு வந்தேன்.

கண்மண் தெரியாத கோபம். நடுக்கடையில் கத்தினேன். உனக்குப் புத்தி இருக்கா, சுகர்காரி செருப்பில்லாமல் நடக்கலாமா, சாகத்தான் வந்தாயா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். முத்து அழுதாள். கடைக்காரம்மாவே போன் போட்டு ஒரு ஆட்டோவை வரவழைத்தார். பழனிக்குப் பதினாறு கிலோமீட்டர், 400 ரூபாய். டிரைவர் கோயிலுக்குங்களா என்று கேட்டார், அவர் மேலும் விழுந்தேன். பாவம், அந்த மனிதர் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். புண்ணுக்கு ஒரு மாதம் இருக்கும், கால் உணர்ச்சி போய் வருடக்கணக்கில் ஆகியிருக்கும் என்றார். பிறகு என்னையும் முத்துவையும் பார்த்து, "கூட இருக்கறவங்க யாரும் பாக்கலீங்களா?" என்று கேட்டார்.

பாக்கியத்தைப் படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தேன். மெட்ராஸில் இருக்கிற மகனிடம் சொல்லப் பயம், அது சரி. என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசினோமே, பேசினதெல்லாம் பொய்யா என்று கேட்டேன்.

"உங்கிட்டச் சொல்லத்தான்டி பயம்," என்றாள் பாக்கியம். "சாந்தி முட்டி வலிக்குதுன்னு சொன்னா. முடியாதவ வீட்டுல இருன்னு சொன்ன. அப்புறம் அவ என்ன ஆனான்னு நீ கேட்டியா? நான் கேட்டேனா? எனக்கு வருசத்துல இருக்கிறதே இந்த மூணு நாள்தான். அதையும் விட்டுட்டு நான் எங்க போறது?"

இதுவரை இந்தக் கட்டுரையில் சாந்தியைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அவள் எங்கள் பள்ளி லைப்ரரியன். ஆறு வருடம் எங்களோடு நடந்த நாலாவது ஆள். போன வருடத்துக்கு முந்தின மாசியில், கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, முட்டி வலிக்கிறது, பஸ்ஸில் வந்து ராத்திரி ரூமில் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். இது நடைப் பயணம், பிக்னிக் இல்லை என்றேன். அதன் பிறகு போனில் பேசும்போதும் மூன்று பேர்தான். யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை, தானாக நடந்துவிட்டது. தானாக என்று எழுதுவதும் பொய்தான். நான் கூப்பிடவில்லை, நான் கூப்பிடாததால் மற்ற இரண்டு பேரும் கூப்பிடவில்லை.

பாக்கியத்துக்கு அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இப்போது கன்னிவாடி வீட்டில் இருக்கிறாள், நானும் முத்துவும் முறை வைத்துப் போய்க் கட்டு மாற்றுகிறோம். திட்டாமல் கட்டுகிறேன் என்று சொன்னால் முத்து சாட்சி சொல்ல மாட்டாள்.

நடக்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சுகர் இருந்தால் செருப்பு, அதுவும் காலுக்குப் பொருந்தின மெத்தென்ற செருப்பு. முருகன் எந்த ஊரிலும் உங்கள் விரலைக் கேட்கவில்லை. ராத்திரி தங்கும் இடத்தில் ஒருத்தர் பாதத்தை இன்னொருத்தர் டார்ச் அடித்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். வெயிலுக்கு முன்னால் ஒன்பது மணிக்குள் நடையை முடியுங்கள். திண்டுக்கல்-பழனி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. முடியாதவர் பஸ்ஸில் வரட்டும், மற்றவர்கள் நடக்கட்டும், சாயங்காலம் ஒரே ரூமில் காலை நீட்டிக்கொண்டு மருமகளைத் திட்டலாம். இது எனக்கு அறுபத்தாறு வயதில்தான் உறைக்கிறது என்றால் நான் என்ன டீச்சர்?

போன வியாழக்கிழமை சாந்தி வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேட்டைத் திறக்கும்போது அவள் மொட்டை மாடியிலிருந்து ஒரு கையில் துணி வாளியோடு படியில் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தாள். மனப்பாடமெல்லாம் மறந்து, "முட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"அது அந்தச் சித்திரையிலயே சரியாப் போச்சு ஜெயா," என்றாள். "யாரும் கேக்கல."