பாய்லரில் வெந்த பலகை

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் ரோட்டில் எனக்கு ஒரு டீக்கடை. முன்பக்கத் தடுப்பு முழுக்க பிளைவுட் பலகை. மழை வந்தால் சாரல் நேராக அதன் மேல்தான் அடிக்கும். இரண்டு தடவை மாற்றினேன். இரண்டும் ஊறிப் பூரி மாதிரி உப்பிவிட்டன. தேர்ந்தெடுத்த அறிவாளி நான்தான். இங்கிலீஷில் பெரிய முத்திரை குத்தியிருந்தது, நம்பிவிட்டேன். படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்தின் மேல் இருக்கும் மரியாதை படித்தவனுக்குக்கூட இருக்காது.

மூன்றாவது தடவை கிளம்பும்போது மனைவி சொன்னாள்: “இதுவும் உப்புச்சின்னா கடைய நான் பாத்துக்கறேன். பலகை இருந்த எடத்துல நீங்க நில்லுங்க.”

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

தர்மபுரியில் மரக்கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. அதற்கே அவரைப் பிடித்துப்போனது. மூன்று வகைப் பலகையில் உள்ளங்கை அளவு துண்டு அறுத்து, ஆணியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று கீறிக் கொடுத்தார்.

“முத்திரைய வுடுங்க தம்பி. உங்க அடுப்புலயே நாள் முழுக்கக் கொதிக்க வையுங்க. எது பிரியாம நிக்குதோ அத வந்து சொல்லுங்க.”

தன் சரக்கையே வேகவைக்கச் சொல்லும் வியாபாரியை அதுவரை நான் பார்த்ததில்லை.

என் கடையில் நாள் முழுக்கக் கொதிப்பது டீக்கு வெந்நீர் பிடிக்கும் பாய்லர்தான். மூன்று துண்டையும் அதற்குள்ளேயே போட்டேன். தனியாக ஒரு சட்டி வைக்கலாம் என்பது இந்த மூளைக்கு எட்டவில்லை. பாலக்கோட்டுத் தக்காளி வண்டி டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தார்.

“ஏண்ணா, டீத்தூள் தீந்துபோச்சுன்னு கதவ ஒடச்சிப் போட்டுட்டீங்களா?”

மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். துண்டுகளை இடுக்கியால் எடுத்து ஒரு பழைய சட்டியில் போட்டு அடுப்பில் கொதிக்க ஏற்றிவிட்டு, புளி வைத்துப் பாய்லரை மூன்று தடவை கழுவினாள்.

சாயங்காலம் சட்டியைப் பார்த்தோம். ஒரு கோடு போட்ட துண்டு இலை இலையாகப் பிரிந்து கிடந்தது. இரண்டு கோடு ஓரத்தில் வாயைப் பிளந்திருந்தது. மூன்று கோடு மட்டும் அப்படியே இருந்தது. இடுக்கில் நகத்தை விட்டு நெம்பினேன், நகம்தான் உடைந்தது.

மறுநாள் தர்மபுரி போய்ப் பாய்லர் கதையைச் சொன்னபோதுதான் பாய் சிரித்தார். மூன்று கோட்டுப் பலகையைக் கொடுத்தும் என்னை விடவில்லை. அறுத்த ஓரம்தான் தண்ணீர் குடிக்கும், அங்கே இரண்டு கை பெயிண்ட் அடி, தரையில் படாமல் இரண்டு விரல் தூக்கி மாட்டு என்று சொல்லி, நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் வண்டியில் ஏற்றினார்.

ஐப்பசி முழுக்க மழை அடித்தது. தினமும் காலையில் மனைவி பலகையைத் தடவிப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

மழை விட்டதும் ஒருநாள் அந்த வழியாகப் போன பாய் கடையில் இறங்கினார். உட்காரவில்லை. குனிந்து அடி ஓரம் நெடுகக் கட்டைவிரலை ஓட்டினார். எங்கேயும் உப்பல் தட்டவில்லை.

“இப்ப டீ போடுங்க தம்பி. மரம் போடாத டீ.”

மனைவியே போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

“உங்க பலகை பொழச்சிக்கிச்சுங்க பாய். இவரும் பொழச்சிக்கிட்டாரு.”