லைனை நிறுத்திய ரெஜினா

மகள் யாழினியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுப் படியேறிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். "நீ முதல்ல உக்காரு," என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். ஒருவன் துப்பாக்கியோடு காரில் கிளம்பியிருக்கிறான். நகரத்துக்குள் ஒரு பெட்ரோல் பங்க்கில் சுட்டான், அடுத்து ஒரு பஸ் நிறுத்தத்தில் சுட்டான். பிறகு நெடுஞ்சாலை ஏறிப் புறநகருக்கு வந்து, மளிகைக் கடை வாசலில் பால் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டிருந்த நம் ரெஜினாவைச் சுட்டுக் கொன்றான். அவள் யாரென்றுகூட அவனுக்குத் தெரியாது.

அதே புறநகரில்தான் என் கணவர் ஒரு வருடமாக வேலையில் இருக்கிறார். நானும் நான்கு வயது யாழினியும் ஜூனில் போவதாக இருந்தது. விசா வந்துவிட்டது. தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு வீடு பார்த்து வைத்தவளும், ஆம்பூரில் என்னோடு வேலை பார்த்துவிட்டுக் கணவரோடு அங்கே குடிபோன ரெஜினாதான்.

திருச்சபையின் மாத மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி அவள் அண்ணன் கேட்டார். "நாலு நல்ல வார்த்தை போதும்மா. அமைதியான பொண்ணு, யாரையும் கடிஞ்சி பேச மாட்டான்னு எழுது." இரண்டு மாதம் எனக்கு எழுத வரவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவளோடு லைனில் நின்றவர்கள் இதைப் படிப்பார்கள். அவள் அமைதியானவள் என்று எழுதினால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வெளியாட்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி. ஊசி கொடுக்கும் மேசையில் ரெஜினா இருந்தாள். ஒரு முனை குறைந்தாலும், தையல் நடக்கிற மொத்த லைனையும் நிறுத்திவிடுவாள். "கிடைக்கலன்னு சொல்லாத. இன்னும் தேடலன்னு சொல்லு," என்பாள்.

நான் பி.காம். முடித்து அதே லைனில் தரம் பார்க்கச் சேர்ந்த புதிது. ஒருநாள் சரக்கு ஏற்ற கண்டெய்னர் வாசலில் நிற்கும்போது ஊசி உடைந்தது. முனையைக் காணோம். சூப்பர்வைசர் என் காதருகே வந்து, "எதையாவது ஒட்டி முடிம்மா," என்றார். நான் டிராயரில் கிடந்த பழைய ஊசி முனை ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்தேன். ரெஜினா அதை உடைந்த துண்டோடு சேர்த்து விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னா சைஸ் ஷூ?"

"குழந்தைங்களுது."

"இது வேற ஊசி முனை. மெல்லிசா இருக்கு பாரு. நெஜ முனை எந்தக் குழந்தை காலுக்குள்ள போவுதுன்னு நீ போய் பார்த்துட்டு வருவியா?"

லைனை நிறுத்தினாள். சூப்பர்வைசர் கத்தினார். "உன்னோட பெரிய பேஜாரும்மா. உங்கப்பன் வீட்டு கம்பெனியா இது?"

"எங்கப்பன் வீட்டுதா இருந்தா உங்கள உள்ளயே விட்டிருக்க மாட்டேன் சார்."

ஒவ்வொரு ஷூவாக, உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரில் விட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து, என் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ஷூவின் லைனிங்கில் அந்த முனை கிடைத்தது. மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மதியம் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள். "கோவம் போவல. கத்திரிக்கா தொக்கு இருக்கு, துன்னு." அதிலிருந்துதான் நாங்கள் சிநேகிதிகள்.

அவளைப் பேஜார் என்ற அதே மனிதர் இரங்கல் கூட்டத்தில் மைக் பிடித்து, "தங்கமான பொண்ணு," என்றார். கடை கேமராவில் அவள் விழுவது பதிவான வீடியோவை நம் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவரும் அவர்தான், கீழே கண்ணீர் பொம்மையோடு. நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எடுங்க சார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னதற்கு, "டென்ஷன் ஆவாதம்மா," என்று பதில் வந்தது.

முதல் குண்டுக்கும் ரெஜினா மேல் பட்ட குண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது. போலீசுக்குக் காரின் நிறம்கூடத் தெரியும். ஒரு கடைக்காரரிடம் கதவை மூடு என்று சொல்ல ஆளில்லை. "வெளியே வராதீர்கள்" என்ற எச்சரிக்கை அவள் போனுக்கு வந்தபோது, அந்த போன் போலீஸ்காரர் கையில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்ததாம். அவள் கணவர்தான் இதை என்னிடம் சொன்னார். ஆம்பூரில் ஒரு ஊசி முனைக்காக நூற்றுக்கணக்கான ஷூக்களை நிறுத்தி வைத்தோம். அங்கே ஒருவன் சுட்டுக்கொண்டே ஊர் தாண்டிப் போயிருக்கிறான், எதுவும் நிற்கவில்லை. அவனுக்கு மனநிலை சரியில்லை என்கிறார்கள். துப்பாக்கியை விற்றவனுக்குச் சரியாகத்தானே இருந்தது?

இவ்வளவுக்குப் பிறகும் என் கணவர் எங்களை வரச் சொன்னார்.

"தினமும் நடக்கிற விஷயமா இது? நம்ம ஹைவேஸ்ல லாரி மோதி சாவலியா?"

"லாரிக்காரன் ஆளைத் தேடிட்டு வர மாட்டான்."

"ஸ்கூல்ல எல்லாம் உஷாரா இருக்காங்க. சுடுற சத்தம் கேட்டா லைட்ட அணைச்சிட்டு, மூச்சு காட்டாம மூலையில உக்காரணும்னு சின்னப் பசங்களுக்கே பழக்கித் தராங்க. பாப்பாவும் கத்துக்குவா."

எனக்குத் தைரியம் சொல்லத்தான் அதைச் சொன்னார். என் மகள் கண்ணாமூச்சி விளையாடும்போதே, "அம்மா, நான் பீரோ பின்னாடி இருக்கேன்," என்று கத்துகிறவள்.

"நாங்க வரல. நீங்க வாங்க," என்றேன்.

அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. புருஷனைத் தனியாக விட்டவள் என்று தெருவில் பேச்சு. படித்த திமிர் என்று என் அம்மாவே சொல்கிறாள். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கோபமாக இருக்கும்போது தன் முடிவை மாற்றிக்கொள்ளாமல் நிற்க ரெஜினாவால் முடிந்தது, குரல்கூட நடுங்காது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். எனக்குக் குரல் நடுங்குகிறது. இருந்தாலும் நேற்று எனக்கும் யாழினிக்கும் எடுத்திருந்த இரண்டு விமான டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன்.