அக்காவிடம் மறைத்த நோய்

என் அக்காவின் பார்வை பாதி போனதற்கு நான் காரணம். நோய் என்னால் வந்ததல்ல. ஆனால் அவளுக்கும் வரக்கூடும் என்று தெரிந்தும் நான்கு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

தி.நகர்ப் பள்ளியொன்றில் முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் நான். கரும்பலகையில் கண்ணை வரைந்து, லென்ஸ், விழித்திரை, அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு என்று அம்புக்குறி போட்டவன். அதனால், என் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று அடையாறு டாக்டர் சொன்னபோதே எனக்கு மிச்சமும் புரிந்துவிட்டது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியவில்லை. தேங்கிய நீர் நரம்பை நசுக்குகிறது. வலி இருக்காது. முதலில் ஓரத்துப் பார்வை போகும், போனது திரும்பாது. சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"இது குடும்பத்துல வர்ற வியாதி. கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவிடம் சொன்னால் மயிலாப்பூர் உறவு முழுக்கத் தெரிந்துவிடும், கண் வியாதிக் குடும்பம் என்று பெயர் வந்துவிடும் என்று பயந்தேன். கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாளே.

ஒருநாள் தெற்கு மாட வீதியில், தரையில் பரப்பியிருந்த கத்திரிக்காய் மேல் அக்கா காலை வைத்துவிட்டாள்.

"இன்னா மாமி, காய் மேலயே நடந்துகினு போற? கண்ணு எங்க கீது?" என்றாள் கடைக்காரி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுவாரம் அவளை மந்தைவெளியில் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். என் டாக்டரிடம் போனால் குட்டு உடைந்துவிடும். பார்வை எதுவரை எட்டுகிறது என்று காட்டும் பரிசோதனைத் தாளில் ஓரமெல்லாம் கறுப்பாக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அவர் கேட்க, யாருக்கும் இல்லை என்று அக்கா உறுதியாகச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எனக்கு இருக்கு. நாலு வருஷமா," என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்குக் கத்திரிக்காய மிதிச்சேனே, தெரிஞ்சுண்டேதானேடா சிரிச்சே?"

ஆமாம் என்றேன்.

அவளுக்குக் கை நடுங்கும் என்பதால் தினமும் மாலையில் போய் நானே மருந்து விட்டேன். பேசாமல் தலையைச் சாய்த்துக் காட்டுவாள். பத்தாம் நாள், இனி வர வேண்டாம் என்றாள். என் மகளிடம் எல்லாவற்றையும் ஃபோனில் சொல்லி, கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். மகளிடமும் நான் அதுவரை மறைத்தே இருந்தேன்.

அன்று மகள் கூப்பிட்டு, "என்கிட்டயுமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் கண்ணில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. தரமணியில் வேலை முடிந்து வரும் வழியில் அத்தைக்கு அவள்தான் மருந்து விடுகிறாள். டாக்டரிடமும் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். என் டாக்டரிடம் நான் தனியாகப் போய்வருகிறேன்.